3 சென்ரிமீற்றர் புல்

திருக்குர்ஆனில் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயம் உண்டு. அது 16ஆவது சூராவாகிய அந்நஹ்ல். எறும்பின் பெயராலும் ஒன்று உண்டு. அது 27ஆவது சூராவாகிய அந்நம்ல். நாம் காலடியில் கவனியாமல் கடந்து செல்லும் இச்சிறு உயிர்களின் பெயர்கள் இறைவேதத்தின் அத்தியாயங்களுக்கே அமைந்திருக்கின்றன. அவற்றை நின்று கவனிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு அங்கிருந்துதான் பிறந்தது. இக்கட்டுரையிலும் தேனீ வருகிறது, எறும்பும் வருகிறது.

பூ அமுதம் கொடுக்கிறது, பூச்சி மகரந்தத்தைக் காவிச் செல்கிறது, இரண்டும் நன்மை பெறுகின்றன. மகரந்தச்சேர்க்கையைப் பற்றி நாம் எழுதும் விடை இது. விடை சரியானதே. ஆனால் அதில் இரண்டு பேர் மட்டுமே இருக்கிறார்கள். வெளியே, மண்ணின் மீது, அந்த இருவர் மட்டும் ஒருபோதும் இருப்பதில்லை. இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடமொன்று இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் புல்வெளிகள்.

வறிய மண்ணின் செல்வம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் நோர்த் டவுன்ஸ், சவுத் டவுன்ஸ் என்னும் தாழ்ந்த குன்றுத்தொடர்கள் உள்ளன. அவற்றின் பாறை கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைப் போன்று மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடலில் வாழ்ந்த நுண்ணங்கிகளின் ஓடுகள் அடியில் படிந்து உருவான பாறை அது. அதன் மேல் மெல்லிய ஒரு படை மண் மட்டுமே உண்டு. மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும். நைதரசனும் பொசுபரசும் குறைவு.

இத்தகைய மண்ணில் ஒன்றும் விளையாது என்றே தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறானது. வளமான மண்ணில் உயர்ந்து வளரும் சில புல்லினங்கள் மற்றச் செடிகளை நிழலால் அமுக்கிவிடுகின்றன. வறிய மண்ணில் அவற்றுக்கு அந்தப் பலம் கிடைப்பதில்லை. ஆகவே சிறு செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. ஒரு சதுர மீற்றரில் 40 வரையான தாவர இனங்கள்கூட இருக்கலாம். ஒன்று பூத்து ஓய மற்றொன்று பூக்கும். அதனால் நீண்ட நாக்குடைய தேனீ, குறுகிய நாக்குடைய தேனீ, ஈ, வண்ணத்துப்பூச்சி என்று பலவற்றுக்கும் இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை உணவு கிடைக்கிறது.

இப்புல்வெளி தானாக நிலைப்பதன்று. பல நூற்றாண்டுகளாகச் செம்மறியாடுகளும் முயல்களும் மேய்ந்தே அது புல்வெளியாக இருக்கிறது. மேய்ச்சல் நின்றால் முதலில் உயர்ந்த புல் வரும், பின்னர் முட்புதர் வரும், இறுதியில் மரங்கள் வரும்.

மூன்று பூக்கள், மூன்று வழிகள்

அங்குள்ள பூக்கள் எல்லாம் ஒரே விதமாகப் பூச்சியோடு பழகுவதில்லை.

முதலாவது, காய்கள் பறவையின் விரல்கள் போல விரிவதால் பறவைக்கால் என்று பொருள்படும் பெயரைப் பெற்ற மஞ்சள் பூ. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கீழ் அல்லிகள் இரண்டும் படகு போல ஒட்டியிருக்கும். மகரந்தம் அதற்குள் இருக்கும். பருத்த பம்பிள் தேனீ வந்தமர்ந்து பாரத்தால் அமுக்கும்போது, பற்பசை பிதுங்குவது போல் படகின் முனையிலிருந்து மகரந்தம் வெளிவந்து தேனீயின் வயிற்றில் ஒட்டும். தேனீக்கு அமுதம் கிடைக்கும். இது நேர்மையான கொடுக்கல் வாங்கல்.

இரண்டாவது, கூம்பு வடிவில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் பிரமிட் ஓர்க்கிட். கெண்ட் மாவட்டத்து டவுண் கிராமத்தில் 1842 முதல் வாழ்ந்த சார்ள்ஸ் டார்வின், தம் வீட்டுக்கு அருகிலிருந்த சுண்ணாம்புச் சரிவில் ஓர்க்கிட்டுகளை ஆராய்ந்து 1862இல் ஒரு நூலே எழுதினார். வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ இப்பூவுக்குள் நாக்கை நீட்டினால், சேணம் போன்ற ஒட்டும் தகடு அந்த நாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் இரு மகரந்தத் திரள்கள் சிறிது நேரத்தில் முன்னோக்கிச் சாயும். அடுத்த பூவின் குறியைச் சரியாகத் தொடுவதற்கு அந்தச் சாய்வு வேண்டும். இவ்வளவு வேலையும் செய்த பூச்சிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அந்தப் பூவில் அமுதம் கிடையாது!

மூன்றாவது, தேனீ ஓர்க்கிட். இதன் ஓர் அல்லி பெண் தேனீயைப் போலவே தோன்றும். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆண் தேனீ ஏமாந்து வந்து மகரந்தத்தைக் காவும். இங்கிலாந்திலோ இப்பூ பெரும்பாலும் தன்மகரந்தச்சேர்க்கையையே நம்பியிருக்கிறது. மகரந்தத் திரள்களின் காம்புகள் வளைந்து தொங்க, காற்றின் அசைவில் அவை தன் குறியிலேயே படுகின்றன.

நீல வண்ணத்துப்பூச்சி எங்கே போயிற்று?

இதுவரை பூவையும் பூச்சியையும் மட்டுமே பார்த்தோம். இனி அந்த இருவருக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். எனக்கு மிக வியப்பளித்த வரலாறு இதுதான்.

காட்டுத் தைம் என்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த மணமுள்ள சிறு செடி. பெரிய நீல வண்ணத்துப்பூச்சி அதில் அமுதம் அருந்தும், அதன் மொட்டுகளில் முட்டையிடும். வெளிவரும் குடம்பி சில வாரங்கள் பூவைத் தின்று, பின்னர் நிலத்தில் விழுந்துவிடும். அங்கே செவ்வெறும்பு ஒன்று அதைக் காண்கிறது. குடம்பியின் மணம் எறும்புக் குஞ்சின் மணத்தை ஒத்திருப்பதால், தன் குஞ்சென்று எண்ணிக் கூட்டுக்குத் தூக்கிச் செல்கிறது. குடம்பியோ ஏறக்குறைய 10 மாதங்கள் அக்கூட்டிலேயே தங்கி எறும்பின் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. மறு கோடையில் வண்ணத்துப்பூச்சியாகி வெளியே வருகிறது.

இந்த வண்ணத்துப்பூச்சி பிரித்தானியாவில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. சேகரிப்போர் பிடித்துச் செல்வதே காரணம் என்று எண்ணினார்கள். ஓரிடத்தில் அவர்களைத் தடுக்க வேலியும் போட்டார்கள். வேலி சேகரிப்போரைத் தடுத்தது, மேயும் விலங்குகளையும் சேர்த்துத் தடுத்தது. புல் உயர்ந்தது, வண்ணத்துப்பூச்சி அங்கிருந்து மறைந்தது. 1953இல் மிக்சோமற்றோசிஸ் என்னும் நோய் இங்கிலாந்துக்குள் வந்து முயல்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றது. மற்ற இடங்களிலும் புல் உயர்ந்தது. 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரித்தானியாவில் முற்றாக அழிந்தது.

தைம் இருந்தது. எறும்புகளும் இருந்தன. பிறகு ஏன் அழிந்தது? 1970களில் இதை ஆராய்ந்த ஜெரமி தோமஸ் விடையை மண்ணில் கண்டார். குடம்பி நன்கு பிழைப்பது மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனச் செவ்வெறும்பின் கூட்டில்தான். அந்த எறும்புக்கு வெயிலில் சூடேறும் மண் வேண்டும். புல் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் மண் குளிர்ந்துவிடும். உடனே அந்த இனம் விலக, அதைப் போலவே தோன்றும் வேறொரு செவ்வெறும்பு இடத்தைப் பிடிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே மாறியிருக்காது.

காரணம் தெரிந்த பின்னர் மாடுகளையும் குதிரைகளையும் மேயவிட்டு, புதர்களை வெட்டி, புல்லின் உயரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 1980களின் முற்பகுதியில் சுவீடனிலிருந்து அதே இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று சமர்செற் பகுதியின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் அது மீண்டும் பறக்கிறது. கொட்ஸ்வோல்ட் குன்றுகளில் உள்ள ரொட்பரோ பொதுநிலத்தில், ஏறக்குறைய 150 ஆண்டுகளின் பின்னர், 2020இல் அது மறுபடியும் காணப்பட்டது.

நாம் கற்க வேண்டியது

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவின் வெண்சுண்ணாம்புப் புல்வெளிகளில் சுமார் 80 சதவீதம் இல்லாமற் போய்விட்டதாக மதிப்பிடப்படுகிறது. சில உழப்பட்டன, சிலவற்றுக்குப் பசளை இடப்பட்டது, சில மேய்ச்சலின்றிக் கைவிடப்பட்டன. பசளை இடுவது மண்ணுக்குச் செய்யும் உதவி என்றே நாம் நினைப்போம். இந்த மண்ணில் அது உயர்ந்த புல்லுக்கு மட்டும் செய்யும் உதவி. வேலி போட்டவர்களும் அந்த வண்ணத்துப்பூச்சியின் மீது அக்கறை கொண்டவர்கள்தாம். அக்கறை இருந்தது, அதன் வாழ்வைப் பற்றிய அறிவு இருக்கவில்லை.

ஆகவே தோழியரே, மகரந்தச்சேர்க்கை பற்றிய வினாவுக்குப் பூவையும் பூச்சியையும் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் அடுத்த முறை ஒரு பூவில் பூச்சி வந்தமர்வதைக் கண்டால், சற்றுக் குனிந்து செடியின் அடியையும் பாருங்கள். புல் எவ்வளவு உயரம்? அதை மேய்வது யார்? மண் சூடாக இருக்கிறதா? அங்கே ஊர்வது எந்த எறும்பு?