வேதியியல் பட்டமும் அடித்தள ஆண்டும்

பள்ளிக் கல்வியை முடித்து வேதியியல் பட்டப் படிப்பில் சேரும் மாணவர் அனைவரும் ஒரே படியிலிருந்து ஏறத் தொடங்குவதில்லை. ஒருவர் ஆய்வுக்கூட வசதி மிகுந்த பள்ளியில் ஆங்கிலத்தில் பயின்றிருப்பார். மற்றொருவர் பியூரெட்டைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டிருப்பார். இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்திவிட்டு, பின்தங்கியவரை ஆற்றல் குறைந்தவர் என முடிவு கட்டுவது முறையாகாது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே அடித்தள ஆண்டு. அது எவ்வாறு அமைந்தால் பயன் தரும் என்பதை மும்பை நகரைச் சான்றாகக் கொண்டு ஆராயலாம்.

மாட்டுங்காவின் முன்னோடி

பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை 1933இல் நிறுவப்பட்டது. பின்னர் மாட்டுங்காவில் நிலைகொண்டு, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்த வேதித் தொழில்நுட்பக் கழகம் இதுவே. சென்னையில் 1901இல் பிறந்த கே. வெங்கடராமன் 1938 முதல் 1957 வரை இதற்குத் தலைமை தாங்கினார். சாயப் பொருள்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்ற அவர், பின்னர் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். இத்துறையின் தொடக்க காலத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர்களே தொழில்நுட்பப் பட்டப் படிப்பில் சேர்க்கப்பட்டனர். அடிப்படை உறுதியானால்தான் அதன்மீது தொழிற்கல்வி நிற்கும் என்பதே இதன் கருத்து.

இருவகை ஏற்பாடுகள்

இன்று அடித்தளக் கல்வி இரு வடிவங்களில் வழங்கப்படுகிறது. முதலாவது, பட்டப் படிப்பின் ஓர் உறுப்பாகவே அமையும் பொது ஆண்டு. மும்பைப் பல்கலைக் கழகமும் அணுசக்தித் துறையும் இணைந்து 2007இல் கலினா வளாகத்தில் தொடங்கிய அடிப்படை அறிவியல் உயர் மையத்தின் ஐந்தாண்டு முதுநிலைப் படிப்பு இதற்குச் சான்று. முதலாண்டில் மாணவர் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றைப் பொதுவாகக் கற்று, பின்னரே தமக்குரிய பிரிவில் நிலைபெறுகின்றனர்.

இரண்டாவது, பட்டப் படிப்புக்கு முன்னர் அமையும் ஆயத்த ஆண்டு. பவாயில் உள்ளது உள்ளிட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில், ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பாதபோது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு ஓராண்டு ஆயத்தப் பயிற்சி வழங்கப்படுகிறது. அதில் தேறுவோர் நுழைவுத் தேர்வை மீண்டும் எழுதாமலே அடுத்த ஆண்டில் பட்டப் படிப்பில் சேர்கின்றனர்.

முதல் வகையில் படிப்புக் காலம் நீள்வதில்லை. இரண்டாவதில் ஓராண்டு கூடுகிறது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அந்த ஓராண்டு என்பது ஓராண்டு வருமான இழப்பாகும். ஆதலின் அந்த ஆண்டு வீணாகாமல் இருப்பது மிக முக்கியம்.

கற்பிக்க வேண்டியவை மூன்று

முதலாவது கணிதம். செம்பூரை அடுத்த டிராம்பே உர ஆலையில் நிகழும் அம்மோனியா உற்பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு நைட்ரஜனும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மூலக்கூறு அம்மோனியாவைத் தருகின்றன. எடையில் கணக்கிட்டால், 28 கிலோ நைட்ரஜனும் 6 கிலோ ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் 34 கிலோ அம்மோனியா கிடைக்கும். மோல் என்னும் கருத்து தெளிவானால், மூலக்கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து எடைக்குச் செல்லும் இக்கணக்கு எளிதாகிவிடும்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் பலர் ஈடுபட்டிருந்த தாராவியின் தோல் பதனிடும் தொழிலும் இவ்வாறே பாடமாகும். குரோமிய முறையில், உப்பு உட்புகும் பொருட்டுத் தோலின் பிஎச் அளவை முதலில் ஏறத்தாழ 3 என வைத்து, பின்னர் உப்பு இழைகளோடு பிணையுமாறு 4க்கு அருகே உயர்த்துவர். ஓர் அலகு உயர்வு என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைவதாகும். மடக்கை அறியாதவருக்கு 3க்கும் 4க்கும் உள்ள வேறுபாடு அற்பமாகத் தோன்றும்.

இரண்டாவது மொழி. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. ‘ஆக்சிஜனேற்றம்’, ‘ஒடுக்கம்’ என்று கற்ற மாணவருக்குக் கல்லூரியில் ‘ஆக்சிடேஷன்’, ‘ரிடக்ஷன்’ என்னும் சொற்கள் எதிர்ப்படுகின்றன. கருத்து அவர் அறிந்ததே, பெயர்தான் புதியது. இரு மொழிக் கலைச்சொற் பட்டியலும், விடைகளை ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியும் இத்தடையைப் பெரிதும் தளர்த்தும்.

மூன்றாவது கைப்பயிற்சி. 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் கிடைப்பது 0.1 மோலார் கரைசல். 20 மில்லி லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்க இக்கரைசல் 25 மில்லி லிட்டர் தேவைப்பட்டால், அமிலத்தின் செறிவு 0.125 மோலார். இக்கணக்கை நூலில் படிப்பது வேறு. நிறம் மாறும் துளியில் பியூரெட்டை நிறுத்தக் கை பழகுவது வேறு.

நிர்வாகத்தின் பொறுப்பு

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மீண்டும் ஒருமுறை ஒப்புவிக்கச் செய்வது அடித்தளக் கல்வி ஆகாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரின் குறையையும் கண்டறியும் தேர்வு நடத்த வேண்டும். அது தரம் பிரிக்க அல்ல, பாடம் வகுக்கவே பயன்பட வேண்டும். சிறு குழுக்களாக ஆய்வுக்கூடப் பயிற்சி அளிக்க வேண்டும். படிப்புக் காலம் கூடுமாயின், கல்வி உதவித்தொகை அந்த ஆண்டுக்கும் தவறாது கிடைக்க வேண்டும். ஓரறை வீட்டில் வாழும் மாணவருக்கு மாலையில் திறந்திருக்கும் நூலகம் உதவித்தொகைக்கு நிகரான உதவியாகும்.

மாணவர்களும் இவ்வாண்டைத் தாழ்வாகக் கருதலாகாது. தாராவிக்குத் தெற்கே மாட்டுங்காவும், கிழக்கே செம்பூரும், வடக்கே கலினாவும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. ஆயினும், ஆலையின் அருகே வாழ்வோரின் பிள்ளைகள் அதன் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக அமரும் நாள் தானாக வந்துவிடாது. பள்ளியில் விடுபட்டவற்றை ஓராண்டில் முறையாக ஈடுசெய்தால் அந்நாள் விரைவில் வரும்.