உள்ளங்கை அளவுச் சட்டை

அன்பு மருமகளுக்கு,

தையல் வகுப்பு முடித்து மிஷினும் வாங்கிவிட்டாயாமே, உன் அப்பா சொன்னான். "நீங்கள் லண்டனில் தைக்கிற குட்டிச் சட்டையை நானும் தைக்கவா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். தைக்கலாம். யாருக்கு என்று தெரிந்துகொண்டு தை.

வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளைகளுக்கும், நாள் நிறையாமல் பிறந்து தங்காமல் போன பிள்ளைகளுக்கும் தைக்கிறோம். இங்கிலாந்தில் 24 வாரம் ஆனபிறகு இறந்து பிறக்கும் பிள்ளையைத்தான் சட்டப்படி பதிவு செய்வார்கள். அதற்கு முன் போன பிள்ளைக்கு அரசிடம் வெகுகாலம் ஒரு காகிதம்கூடக் கிடையாது. பெற்றோர் விரும்பிக் கேட்டால் ஒரு சான்றிதழ் தருவது என்று 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் இந்தத் துணி.

20 வாரப் பிள்ளை தலையிலிருந்து குதிகால் வரை சுமார் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும், உன் பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் குட்டை. கடையில் கிடைக்கிற ஆகச் சின்ன சட்டைக்குள்ளும் அது காணாமல் போய்விடும். தோலோ நனைந்த தாள்போல, இழுத்தால் உரிந்துவிடும். அதனால் கையைப் பிடித்து நுழைத்துப் போடுகிற சட்டை ஆகவே ஆகாது. முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நர்ஸ் அதை விரித்து, மேலே பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் மடித்து ரிப்பனால் தளர்வாக முடிச்சிடுவார். பட்டன், ஊக்கு, வெல்க்ரோ எதுவும் வேண்டாம். 16 வாரப் பிள்ளைக்குச் சட்டைகூட வேண்டாம், மெத்தென்ற ஒரு சின்னப் பை போதும்.

தங்கள் கல்யாண கவுனையே "வெட்டிக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் தந்துவிடுகிற பெண்கள் இங்கே உண்டு. அந்த சாட்டினும் லேஸும் மேலுக்குத்தான். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து, பிசிறெல்லாம் இரண்டுக்கும் நடுவில் அடங்கும்படி தைத்துப் புரட்டிவிடுவேன். துணியை முன்பே வாசனையில்லாத சோப்பில் அலசிவிட வேண்டும். வெள்ளை, சந்தன நிறம் போதும். சீக்கிரமே போய்விட்ட பிள்ளை ஆணா பெண்ணா என்று பல நேரம் தெரியாது. சிலுவையோ சிறகோ நான் போடுவதில்லை. எந்த வீட்டுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாதே.

உன்னிடம் சொன்னதில்லை, எனக்கும் ஐந்தாம் மாதத்தில் ஒன்று போனது. ஆஸ்பத்திரியில் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார்கள், முகம் காட்டவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் "அடுத்தது தங்கும்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அடுத்தது தங்கவும் செய்தது. ஆனால் போனது வேறு பிள்ளை அல்லவா? நீ யாரிடமும் அப்படிச் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்திருந்தாய் என்று கேள், சொன்னால் கேட்டுக்கொள்.

முதலில் சட்டையில் கை வைக்காதே, பஞ்சடைத்த துணி இதயம் ஒரு ஜோடி தை. ஒன்று பிள்ளையோடு போகும், மற்றது அம்மாவிடம் இருக்கும். அப்பாவின் பழைய மல் வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்கு விரல் அகலத்தில் ஒரே காகித அளவை வைத்து நான்கு துண்டு வெட்டிக்கொள். வளைவில் தையலைப் பொடியாக விடு. மேலே குழி விழுகிற இடத்தில் தையலுக்கு ஒரு நூல் தள்ளிக் கத்தரித்துவிட்டால்தான் புரட்டும்போது சுருங்காது. ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தைத்து, அதன் வழியே பஞ்சடைத்து, வெளியே தெரியாமல் கைத்தையலால் மூடு. பத்துக் குண்டூசி எடுத்தால் பத்தையும் எண்ணித் திரும்ப டப்பாவில் வை. ஒன்று குறைந்தாலும் அந்த ஜோடியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
உன் அத்தை