வாசல் பாத்தியில் கறிமிளகாய்: விளைவது யாருக்கு?

வலப்பனைப் பகுதித் தோட்டம் ஒன்றில், ஒரு மாலை வேளையில், லயத்துக் கோடியில் இருந்த மரக்கறிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பது கறிமிளகாய்ச் செடிகள். இளமஞ்சள் நிறத்தில் காய்கள் தொங்கின. கொழுந்து எடுத்துவிட்டு வந்த அந்த அம்மா, உடுப்பைக்கூட மாற்றாமல் காய் பறித்துப் பையில் நிரப்பிக்கொண்டிருந்தார். பிறகு எங்களை உள்ளே அழைத்து, ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் சாயத்தண்ணியும் தந்தார். பாத்தியில் விளைந்த ஒரு காய்கூட அந்தத் தட்டில் இல்லை.

"வீட்டுக்கு ஒன்றும் எடுத்து வைக்கவில்லையா அம்மா?" என்று கேட்டோம்.

"நல்ல காயெல்லாம் கடைக்குப் போகுது சாமி. வளைஞ்சது, பூச்சி விழுந்தது நமக்கு" என்றார். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லி, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

மரக்கறி வளர்ப்பைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஆனால், பாத்தியில் விளைவது வளர்த்தவரின் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்று கேட்க மறந்துவிட்டோம். ஆகவே இம்முறை, விதையில் தொடங்கிச் சட்டி வரைக்கும் கறிமிளகாயைப் பின்தொடர்ந்து செல்வோம். இங்கு சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி கொச்சிக்காய், தக்காளி, கத்தரி ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

நமது மண்ணும் காலமும்

வலப்பனை மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. யூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது ஹற்றன் பக்கம் மழையில் நனையும். நமது பக்கம் காய்ந்த காற்றே வரும். நமக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் சனவரி வரை. எனவே மாசியிலோ பங்குனியிலோ நாற்று மேடை போட்டு, சித்திரை மழையோடு நடுவது ஒரு வழி. செப்டெம்பரில் மேடை போட்டு ஒக்டோபரில் நடுவது மற்றொரு வழி. முதலாவதற்குக் கோடையில் நீர் ஊற்ற வேண்டும். இரண்டாவதற்கு நீர் தேங்காதபடி பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்த வேண்டும். இராகலை, ஹைபொரஸ்ட் போன்ற உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் கறிமிளகாய் மந்தமாகவே வளரும். அங்கு கோவா, லீக்ஸ், கரட் நன்றாக வரும். வலப்பனையை நோக்கி இறங்க இறங்கக் கறிமிளகாய் செழிக்கும்.

அடுத்தது மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். கறிமிளகாய்க்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. தேயிலை நின்ற மண்ணில் எவ்வளவு எரு போட்டாலும் செடி மஞ்சளித்து நிற்பதற்கு இது ஒரு காரணம். கவ்வாத்துக் காலத்தில் மலையில் தூவும் டொலமைட்டை நீங்கள் அறிவீர்கள். அதையே நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஒரு சதுர யார் நிலத்துக்கு இரண்டு கைப்பிடி வீதம் மண்ணில் கலந்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல் போதும். சாம்பலையும் பச்சை எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். எருவின் சத்து காற்றோடு போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. பாத்திக்கு இடம் வேண்டுமென்று லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். 2007 சனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை அதே துயரத்தை மலையகத்துக்கு மீண்டும் கொண்டுவந்தது. சரிவில் பாத்தியைக் குறுக்காகப் போடுங்கள். கீழ்ப்புறம் கல் அடுக்குங்கள். கானை அடைக்காமல் நீர் ஓட வழி விடுங்கள்.

விதையும் நாற்றும்

நமது நாட்டில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் கறிமிளகாய் இனங்களில் ஒன்று 'ஹங்கேரியன் யெலோ வக்ஸ்'. மற்றொன்று 'சீ.ஏ. 8'. இவற்றின் விதையை நாமே எடுத்து வைக்கலாம். கடையில் விற்கும் கலப்பின விதை முதல் போகத்தில் நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்கவேண்டி வரும். வாங்கும்போதே எந்த இனம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்று மேடையின் மேல் காய்ந்த மானாப்புல்லையும் சுள்ளியையும் பரப்பி எரித்துவிடுங்கள். நாற்றின் அடித்தண்டு அழுகி விழும் நோய் இதனால் குறையும். மண் ஆறியபின் நீர் தெளித்து, அரை அங்குல ஆழத்தில் விதையை வரிசையாக இட்டு, மெல்லிய புல்லால் மூடுங்கள். முளை தெரிந்தவுடன் புல்லை எடுத்துவிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நாற்று நடுவதற்கு ஆயத்தமாகிவிடும்.

செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். குழிக்கு இரண்டு கை கூட்டெரு இட்டு, மாலையில் நடுங்கள். வேலியோரத்தில் மண்டிக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி இலையும் கிளிசரிடியா இலையும் நல்ல பசளை. அவற்றை வெட்டிச் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரமும் நிற்கும். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் காயின் நுனி கறுத்து அழுகும். இதனைப் பலர் நோய் என்று எண்ணி மருந்து அடிக்கிறார்கள். அளவாகவும் தவறாமலும் நீர் ஊற்றுவதே இதற்கு மருந்து. பீலியிலிருந்து சுமந்து வர முடியாவிட்டால் அரிசி, மரக்கறி கழுவிய நீரே பத்துச் செடிக்குப் போதும்.

நோயும் மருந்தும்

இலை சுருண்டால், சிறு பூச்சிகள் இலையின் அடிப்புறத்திலிருந்து சாற்றை உறிஞ்சுகின்றன என்று அறியுங்கள். சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, சவர்க்கார நீரை இலையின் அடியில் படும்படி காலையில் தெளியுங்கள். நேற்று வரை நன்றாக நின்ற செடி பச்சையாகவே வாடிச் சாய்ந்தால், தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கிளாசில் நிறுத்திப் பாருங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, கொச்சிக்காய் எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே அந்த இடத்தில் அடுத்த போகத்துக்குப் போஞ்சியோ கீரையோ கோவாவோ போடுங்கள்.

மருந்து அடிப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போத்தலில் ஒட்டியிருக்கும் தாளில், அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த நாட்கள் முடியுமுன் காய் பறிப்பதை நாம் கண்டிருக்கிறோம். "இந்த வரிசை விக்கிறதுக்கு, அந்த வரிசை நமக்கு, அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல சாமி" என்று ஒருவர் மறைக்காமல் சொன்னார். அந்தக் காயைச் சந்தையில் வாங்குபவரும் இன்னொரு தோட்டத்துத் தொழிலாளியாக இருக்கலாம். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் காயைப் பிறர் பிள்ளைக்கு விற்கலாகாது. மருந்தைப் பற்றிய சந்தேகங்களை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம்.

பறித்தலும் விதை காத்தலும்

நட்டு இரண்டு மாதமளவில் முதற் காய் வரும். காய் இளமஞ்சளாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும்போது காம்போடு பறியுங்கள். கிளை எளிதில் முறியும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு சிறு கத்தியால் அறுப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை பறித்தால் செடி மீண்டும் மீண்டும் பூக்கும். பறிக்காமல் விட்டால் பூப்பது குறையும்.

எல்லாவற்றிலும் நல்ல செடியைத் தெரிந்து, அதில் மூன்று காய்களை முற்றாகச் சிவக்க விடுங்கள். நோயுற்ற செடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம். அருகில் கொச்சிக்காய் இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும்; அடுத்த போகத்தில் கறிமிளகாய் உறைக்கும். பூவாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையால் கிளையை மூடி, காய் பிடித்தபின் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பழுத்தபின் எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து, மூடியுள்ள போத்தலில் வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை நம் கையில்.

சட்டிக்கு வந்தபின்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். போர்த்துக்கீசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், நம் பக்கம் வந்தது. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில், அல்பேர்ட் சென்ட்-ஜியோர்ஜி என்ற அறிஞர் 1930களில், அந்த ஊரில் விளைந்த மிளகாயிலிருந்தே விற்றமின் 'சீ'யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார். நம் பாத்தியில் நிற்கும் 'ஹங்கேரியன்' காயிலும் அதே சத்து நிறைந்திருக்கிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? கீரை, பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் உடல் அதைச் சிறிதளவே ஏற்றுக்கொள்ளும். கூடவே விற்றமின் 'சீ' இருந்தால் ஏற்றுக்கொள்ளும் அளவு கூடும். தேயிலையில் உள்ள துவர்ப்போ அதைத் தடுக்கும். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கும்போது கீரையின் இரும்பில் பெரும்பங்கு வீணாகிறது. உலகம் குடிக்கும் தேயிலையைப் பறிக்கும் பெண்ணின் இரத்தத்தை, அவர் சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணியே குறைக்கலாகாது. தேத்தண்ணியை விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதி. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறிமிளகாய் மட்டும் சாப்பிடுவதும் சரியல்ல.

*பச்சைச் சம்பல்:* விற்றமின் 'சீ' நீண்ட நேரம் வெந்தால் அழியும். ஆகவே நான்கு கறிமிளகாயை விதை நீக்கி மெல்லியதாக அரியுங்கள். ஒரு பிடி வல்லாரை, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிப்புளி சேர்த்துக் கையால் பிசையுங்கள். ரொட்டிக்குள் வைத்து மலைக்குக் கொண்டு போகலாம்.

*பருப்போடு:* பருப்பு வெந்து இறக்கும் தறுவாயில் அரிந்த கறிமிளகாயைப் போட்டு, இரண்டு கொதியில் இறக்கித் தேசிப்புளி விடுங்கள்.

*ஞாயிற்றுக்கிழமைக்கு:* காயைப் பக்கவாட்டில் கீறி, அவித்து மசித்த உருளைக்கிழங்கோடு வறுத்த நெத்தலியும் வெங்காயமும் பிசைந்து உள்ளே வைத்து, சிறிது எண்ணெயில் புரட்டி எடுங்கள். பிள்ளைகள் விரும்பி உண்பார்கள்.

யாருடைய தட்டுக்கு?

இருபது செடி சம்பளத்துக்கு ஈடாகாது. நியாயமான கூலியையும் நிலத்தையும் கேட்கும் குரல் ஒரு பாத்தியைக் காட்டி அடக்கப்படவும் கூடாது. வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்பது சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடியில் வீடு கட்டினாலும் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும். ஆனால் இன்னும் பல குடும்பங்கள் லயத்துக் காம்பராவிலேயே வாழ்கின்றன. பாத்தியைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்க வேண்டிய நிலை. அவர்களுக்கு நாம் சொல்வது, உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பி, அடியில் துளையிட்டு நடுங்கள் என்பதே. தூக்கி வைக்கவும் முடியும்.

2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் வாசலில் நின்ற நாலு செடியின் அருமையை எல்லோரும் அறிந்தோம்.

அந்த அம்மாவிடம் நாம் இவற்றைச் சொன்னபோது, அவர் உடனே ஏற்கவில்லை. "பிள்ளைக்கு பஸ் காசு யாரு தர்றது சாமி?" என்றார். அதற்கு எங்களிடம் உடனடி மறுமொழி இல்லை. அவரே சற்று யோசித்துவிட்டு, வாசலருகில் நின்ற மூன்று செடிகளைக் காட்டி, "இது மூணும் இனி விக்கிறதுக்கு இல்ல" என்றார். அடுத்த முறை சென்றபோது அந்த மூன்று செடிகளிலும் காய் நின்றது. ரொட்டியோடு பச்சைச் சம்பல் வந்தது. தேத்தண்ணி, நாங்கள் எழுந்து புறப்படும் நேரத்தில்தான் வந்தது.

எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் நம் தாய்மாருக்கு உண்டு. மூன்று செடியை ஒதுக்குவதோடு, அந்தச் சம்பலில் ஒரு பங்கை முதலிலேயே அம்மாவுக்கு எடுத்து வைக்கும் பொறுப்பை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் ஏற்க வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நம் வீட்டில் விளையும் நல்ல காய் எங்கே போகிறது? யார் அதைத் தீர்மானிக்கிறார்கள்?
2. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?
3. மருந்து அடித்த காயை எத்தனை நாளில் பறிக்கிறோம்?
4. நம் லயத்தில் விதை வைத்திருப்பவர் யார்? அவரிடமிருந்து ஏனைய வீடுகளுக்கு விதையைப் பகிர்வது எப்படி?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தேக்கரண்டி விதை கொண்டு வாருங்கள்.