அக்கரப்பத்தனை றோட்டில் காட்டுப்பூ தேடுவது எப்படி?

அக்கரப்பத்தனை என்ற பெயரின் பின்பாதியை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பத்தனை என்பது மலைமேல் மரமில்லாமல் விரிந்து கிடக்கும் புல்வெளி. சிங்களத்தில் பத்தன என்பார்கள். தேயிலைக்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது என்று கேட்டால் ஊரின் பெயரே பதில் சொல்லிவிடும்.

அந்தப் புல்வெளியும் அதை ஒட்டிய காடும் இன்று பெரும்பாலும் தேயிலைக்கு அடியில் போய்விட்டன. ஆனால் முழுதாக அழிந்துவிடவில்லை. தேயிலை ஏற முடியாத பாறை, மண்வெட்டி படாத ஓடைக்கரை, காட்டுத் தொங்கல், றோட்டோர மண்திட்டு ஆகிய இடங்களில் பழைய மலையின் செடிகள் இன்னும் பூக்கின்றன. லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக டயகம போகும் பாதையில் அவற்றைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு காலைப்பொழுது கையில் இருந்தால் போதும்.

1. மாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் குளிர்நாடுகளைப் போல நான்கு பருவம் கிடையாது. ஆனாலும் ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் வசந்த காலம் என்று ஊரே அலங்காரமாகிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கூட்டம் சேரும். அங்கே பார்ப்பது பாத்தியிலும் தொட்டியிலும் வளர்த்த பூ. நாம் தேடும் பூவுக்கும் ஏறக்குறைய அதுவே நல்ல காலம்.

ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் உயரமான மலைகளில் சில விடியற்காலைகளில் பனி உறைந்து கொழுந்தே கருகிவிடும், பூவும் தப்பாது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் காலையில் வெயில், பின்னேரத்தில் இடியுடன் மழை. மண் ஈரமாகவும் காலை வெளிச்சமாகவும் இருக்கும் இந்த இரண்டு மாதங்களே முதல் முறை போகிறவருக்கு ஏற்றவை. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் எந்தப் பூவுக்காகவும் வெளியே இறங்க வேண்டாம்.

2. ஏறுவதற்கு பஸ், இறங்குவதற்குக் கால்

ஹட்டன் - நுவரெலியா பிரதான பாதையில் தலவாக்கலையைத் தாண்டினால் லிந்துலை. அங்கிருந்து அக்கரப்பத்தனைக்கும் டயகமவுக்கும் பாதை பிரிகிறது. தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டயகமவுக்கு மேலே, மலைமுகட்டுக்கு அப்பால் இருக்கும் ஹோட்டன் சமவெளியோ 2,100 மீற்றர். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும், செடியும் மாறும். கீழே உதிர்ந்துவிட்ட பூ மேலே மொட்டாக இருக்கலாம்.

ஆகவே முதல் பஸ்ஸில் டயகம வரை போய்விடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த வளைவில் நிறம் தெரிகிறது, எங்கே நீர் வழிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடங்களைத் தேடி மெல்ல நடந்து இறங்குங்கள். மூச்சு வாங்காமல் நடந்தால்தான் கண் நிதானமாக மேயும். முழுத் தூரமும் நடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒரு காலைப்பொழுது சரியாக இருக்கும். பதினொரு மணியளவில் மலைமுகட்டில் மேகம் கூடத் தொடங்கினால் அடுத்த பஸ்ஸுக்குத் தயாராகிவிடுங்கள்.

3. எடுத்துப் போக வேண்டியவை

ஒரு கொப்பி, பென்சில் (மழையில் பேனா மை கரையும்), சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி, குடை, தண்ணீர், காலை மூடும் நீண்ட காலுறை. அட்டைக்காக ஒரு பொட்டலம் உப்பு, இல்லாவிட்டால் சவர்க்காரத் துண்டு. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போக வேண்டாம். காரணத்தை எட்டாவது படியில் சொல்கிறேன்.

4. ஐந்து இடங்களில் பாருங்கள்

*றோட்டை வெட்டிய மண்திட்டு.* பாதைக்காக மலையை வெட்டிய செங்குத்தான மண்சுவர் தேயிலைக்கு உதவாது. அதில் பாசி, பன்னம், அவற்றுக்கிடையே சின்னஞ்சிறு பூக்கள். முகம் சுவரை ஒட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

*கான் ஓரம்.* தேயிலை மலையில் நீர் வடிய வெட்டிய கானும் பீலித் தண்ணீர் வழியும் இடமும் காசித்தும்பை இனத்துக்குப் பிடித்தவை. முற்றிய காயை விரலால் மெல்லத் தொட்டால் சட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அந்த ஒரு அடையாளம் போதும்.

*ஓடைக்கரை.* இந்தப் பள்ளத்தாக்கின் நீர் ஆக்ரோயாவாகத் திரண்டு, கொத்மலை ஓயாவுடன் சேர்ந்து, தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் போகிறது. ஆற்றில் இறங்காமல் பாலத்தின் மேல் நின்றே இரு கரையையும் பாருங்கள். மேலே மழை பெய்தால் கீழே நீர் திடீரென்று பெருகும்.

*பாறையும் புல்திட்டும்.* மானாப்புல் மண்டிய சரிவுகள்தான் பத்தனையின் மிச்சம். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் போவிட்டியா பூத்திருப்பதை இங்கே எதிர்பார்க்கலாம்.

*காட்டுத் தொங்கல்.* தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பு. 1873 இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்காமல் விட்டுவைக்கும்படி ஆலோசனை சொன்னார். மலை முகடுகளில் இன்றும் காடு நிற்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். விளிம்பில் நின்று பாருங்கள், உள்ளே போக வேண்டாம்.

5. பூவுக்கு முன் இலையைப் பாருங்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நிறம் ஏமாற்றும், இலை பெரும்பாலும் ஏமாற்றாது. போவிட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையில் நடுநரம்பு ஒன்று மட்டும் ஓடாது. அடியிலிருந்து நுனிவரை மூன்று அல்லது ஐந்து நரம்புகள் வளைந்து ஒன்றாகப் போகும். தடவினால் சொரசொரக்கும். இந்த நரம்பை ஒருமுறை கண் பிடித்துவிட்டால் பூ இல்லாத மாதத்திலும் செடியை அடையாளம் காணலாம்.

ஒவ்வொரு செடியிலும் ஐந்து கேள்வி கேளுங்கள். இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறியா? நரம்பு எப்படி ஓடுகிறது? இதழ் எத்தனை? மகரந்தத் தாள் எத்தனை, என்ன நிறம்? தண்டு உருண்டையா, சதுரமா? பதிலைக் கொப்பியில் எழுதிவிட்டு, இலை, பூ, முழுச்செடி என மூன்று படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், கூகிள் லென்ஸ் போன்ற செயலிகள் பெயர் தேட உதவும். ஆனால் அவை சொல்வதை அப்படியே முடிவாகக் கொள்ளாமல் எழுதிய பதில்களோடு ஒப்பிடுங்கள்.

ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை போய்வருவதும் நல்ல பயிற்சி. 1861 இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய இடம் அது. பெயர்ப்பலகையோடு செடிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

6. சொந்தக்காரர் யார், வந்தேறி யார்?

இந்தப் பாதையில் அதிகம் கண்ணில் படுபவற்றில் பல வெளியிலிருந்து வந்தவை. ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறம் காட்டும் உன்னிப்பூ அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. ஆளுயரத்தில் மஞ்சளாக நிற்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்துச் செடி, தோட்டங்களில் பசுந்தாள் உரமாகவும் பயன்பட்டது. தேயிலைக்கு நடுவே செம்மஞ்சள் சீப்புப்போலப் பூக்கும் சவுக்கு, நிழலுக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது.

இவற்றையும் ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹோட்டன் சமவெளியில் கோர்ஸ் என்ற முட்செடி பட்டாணிப்பூ வடிவில் மஞ்சளாகப் பூக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த அது பரவிய இடத்தில் புல்வெளிச் செடிகளுக்கு இடமில்லாமல் போகிறது. பூ அழகாக இருக்கிறதென்று வந்தேறிச் செடியின் விதையையோ கிளையையோ வீட்டுக்குக் கொண்டுவந்து நட வேண்டாம்.

7. மலையில் இருப்பவர்களைக் கேளுங்கள்

தோட்டத்துப் பாதைகள் பொது றோட்டு அல்ல. பிரதான பாதையை விட்டு உள்ளே இறங்குவதானால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலை நேரத்தில் யாரையும் மறிக்காதீர்கள், கேட்காமல் படமும் எடுக்காதீர்கள். தேநீர் இடைவேளையில் பேச்சுக் கொடுத்தால் நூலில் கிடைக்காத விடயங்கள் கிடைக்கும்.

ஒருமுறை றோட்டோரத் திட்டில் இளஞ்சிவப்புப் புளியாரைப் பூ ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஓர் அக்கா நின்றார். "அத என்னா தம்பி அப்புடிப் பாக்குறீங்க? அது மூடிக்கிச்சின்னா நாங்க படங்க இறுக்கிக் கட்டிக்குவோம்" என்றார். வெளிச்சம் மங்கும்போது புளியாரையின் பூ சுருங்கும், மூன்று இலையும் மடங்கும் என்று நான் படித்திருந்தேன். அதை வைத்து மழைக்கு முன்னால் இடுப்பில் படங்கை இறுக்கும் ஒரு பெண் இருக்கிறார் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் கொப்பியில் "இங்கே என்ன சொல்கிறார்கள்" என்று ஒரு பத்தி தனியாக உண்டு. உங்கள் கொப்பியிலும் அப்படி ஒன்று இருக்கட்டும்.

8. பத்திரமாகத் திரும்புங்கள்

மலையகத்தில் வேலைத்தளத்தில் குளவி கொட்டி உயிரிழந்தவர்கள் உண்டு. மரக்கிளை, பாறை இடுக்கு, தேயிலைச் செடியின் அடி என எங்கும் கூடு இருக்கலாம். கடும் வாசனை அவற்றை உசுப்பக்கூடும் என்பதால்தான் வாசனைத் திரவியம் வேண்டாம் என்றேன். கூட்டமாகப் பறப்பது தெரிந்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விரைவாக விலகுங்கள். பல கொட்டு விழுந்திருந்தால் தாமதிக்காமல் அக்கரப்பத்தனை வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் தனியாக நடக்க வேண்டாம். மூடுபனி இறங்கினால் வளைவில் நிற்காமல் பாதையின் வெளியோரம் ஒதுங்குங்கள். களைக்கொல்லி தெளித்திருக்கலாம் என்பதால் எந்தப் பூவையும் காயையும் வாயில் வைக்காதீர்கள்.

9. ஒரு நாள் மேலே போய்வாருங்கள்

கீழே துண்டு துண்டாகப் பார்த்த பத்தனை முழுதாக எப்படி இருக்கும் என்று அறிய ஹோட்டன் சமவெளிக்குப் போக வேண்டும். 1988 இல் தேசியப் பூங்காவான அது 2010 இல் மத்திய மலைநாட்டோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. டயகமவிலிருந்து முகடு கிட்டத்தில் தெரிந்தாலும் காட்டு வழியாக ஏற வேண்டாம். பட்டிப்பொல, ஒஹிய பக்கத்து வாயில்களில் சீட்டு எடுத்தே போங்கள். பொலித்தீன் உள்ளே கொண்டுபோக முடியாது.

அங்கே பார்க்க வேண்டிய முதல் மரம் மகாரத்மல். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே, அதன் நெருங்கிய உறவு. இமயத்திலும் இதே இனம் உண்டு, நேபாளத்தின் தேசியப் பூ அதுதான். முறுக்கிய தண்டு, தோல்போல் தடித்த இலை, கிளை நுனியில் கொத்தாகச் சிவப்பு மணிகள். ஏப்ரல், மே மாதங்களை ஒட்டிப் போனால் காண வாய்ப்பு அதிகம். செப்டெம்பரில் போனால் ஊதா இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பினரப்பூ. அதன் பெயரே சிங்களத்தில் அந்த மாதத்தின் பெயர்தான்.

நெலுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் குறிஞ்சியின் இனம் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிந்துவிடும். ஹோட்டன் சமவெளியில் 2013 இல் பூத்தது, மறுபடி 2025 இல் பூத்தது. இப்போது போகிறவர்கள் பூவைத் தேடாமல் மண்ணைப் பாருங்கள். அடுத்த தலைமுறை நெலு அங்கே முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும்.

10. பறிக்காதீர்கள், மறுபடி வாருங்கள்

தேசியப் பூங்காவுக்குள் செடி கொடியைப் பறிப்பது 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். றோட்டோரத்தில் தடுக்க யாரும் இல்லாவிட்டாலும் பறிக்க வேண்டாம். ஒரு மண்திட்டில் நாலு செடிதான் மிஞ்சியிருக்கும். அதில் ஒன்றின் பூவைப் பறித்தால் அந்தச் செடி இந்த ஆண்டு விதை போடாது.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு திட்டை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவு, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று எழுதிவையுங்கள். அடுத்த மாதம் போங்கள், அடுத்த ஏப்ரலிலும் போங்கள். என் திட்டில் முதல் ஆண்டு ஏழு வகைப் பூவை எழுதினேன். நான்காம் ஆண்டில் இருபத்து மூன்றானது. திட்டு மாறவில்லை, என் கண்தான் பழகியது. இருபத்து மூன்றில் பதினொன்றுக்கு மலையில் வேலை செய்கிறவர்களிடம்தான் பெயர் தெரிந்துகொண்டேன். மீதிக்குக் கொப்பியில் இடம் விட்டுவைத்திருக்கிறேன். பெயர் தெரிந்தவர் யாராவது கூடையோடு அந்த வளைவில் வருவார்.