ஒரு விதையில் பல நாற்றுகள்
இடம்பெயரும் மரபுக்கூறுகளைப் பற்றிய ஒரு பாடம்

சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளில் மிகுதியாகக் காணப்படும் இரகம் தோத்தாபுரி ஆகும். தமிழ்நாட்டில் இதனைக் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்குவர். அங்குள்ள பழக்கூழ் ஆலைகளுக்கு இதுவே முதன்மையான சரக்கு. இதன் கொட்டையை ஊன்றினால் ஒரே நாற்று முளைக்கும். அது தாய்மரத்தைப் போலக் காய்க்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவேதான் ஒட்டுக்கன்றுகள் நடப்படுகின்றன.

2022ஆம் ஆண்டில் தனி மாவட்டமான திருப்பதியில் நிலைமை வேறு. அங்குள்ள எலுமிச்சை வகை ஆராய்ச்சி நிலையம் சாத்துக்குடிக்கு ஏற்ற வேர்ச்செடிகளை ஆராய்ந்து வந்துள்ளது. அவற்றுள் ஒன்றாகிய ரங்கப்பூர் எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் தோன்றக்கூடும். அவற்றுட் பெரும்பாலானவை தாய்ச்செடியை முற்றிலும் ஒத்திருக்கும். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

பல்கருநிலை

மகரந்தமும் முட்டையும் கூடுவதால் உண்டாகும் கருவில் இரு பெற்றோரின் குணங்களும் கலந்திருக்கும். சில தாவரங்களிலோ, சூலினுள் முட்டையைச் சூழ்ந்துள்ள சூல்திசுவின் உயிரணுக்களும் தாமாகவே கருக்களாக வளர்கின்றன. இவை தாயின் உடலிலிருந்தே தோன்றுவதால் தாயின் நேர்ப்படிகளாகும். ஒரு விதையில் பல கருக்கள் இருக்கும் இந்நிலையைப் பல்கருநிலை என்பர். ஆரஞ்சு விதைகளில் இதனை லீவன்ஹூக் 1719ஆம் ஆண்டிலேயே கண்டார். மாவிலும் வெள்ளைக்கொழும்பான், ஒலூர் போன்ற இரகங்கள் இத்தன்மை உடையவை.

இடம்பெயரும் மரபுக்கூறுகள்

ஜீன்கள் யாவும் தத்தம் இடத்தில் நிலையாக இருப்பவை என்றே முன்னர்க் கருதப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மக்ளின்டாக், மக்காச்சோள மணிகளின் புள்ளிகளையும் நிறமாற்றங்களையும் 1940களில் ஆராய்ந்து, குரோமோசோமில் ஓரிடம் விட்டு வேறிடம் செல்லும் கூறுகள் உண்டு என நிறுவினார். இதற்காக 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மக்காச்சோளத்தின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு இத்தகைய கூறுகளே என்று 2009ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இக்கூறு ஒரு ஜீனின் நடுவே புகுந்தால் அந்த ஜீன் கெட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால், அது எங்கே, எப்போது, எவ்வளவு தொழிற்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு பகுதி உண்டு. கூறு அங்கே புகுந்தால் ஜீன் கெடுவதில்லை. அதன் தொழில் கூடலாம், குறையலாம், வேறொரு திசுவில் தொடங்கவும் செய்யலாம்.

எலுமிச்சையிலும் மாவிலும்

சீன ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. பல்கருநிலையுடைய எலுமிச்சை வகைகளில், கருவளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு ஜீனின் முன்பகுதியில் இடம்பெயரும் சிறு கூறு ஒன்று புகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். அவ்வகைகளின் சூலில் அந்த ஜீன் மிகுதியாகத் தொழிற்படுகிறது. பம்பளிமாசு போன்ற ஒற்றைக்கரு வகைகளில் அச்செருகல் இல்லை.

2023ஆம் ஆண்டில் மாமரத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. எலுமிச்சையில் காணப்பட்ட ஜீனுக்கு ஒப்பான ஜீன் மாவிலும் உள்ளது. பல்கரு இரகங்களில் அதன் முன்பகுதியிலும் ஒரு செருகல் காணப்படுகிறது. பூவிலும் பிஞ்சிலும் அதன் தொழிற்பாடும் மாறியிருக்கிறது. இவ்விரு செருகல்களும் தனித்தனியே நிகழ்ந்தவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மரங்கள் வெவ்வேறு காலங்களில் ஒரே வழியைக் கண்டன. புதிய குணம் பிறக்கப் புதிய ஜீன் வேண்டுவதில்லை. இருக்கும் ஜீனின் கட்டுப்பாடு மாறினாலே போதும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நாற்றங்காலில் பயன்

பல்கரு விதையிலும் கலப்புக் கருவிலிருந்து ஒரு நாற்று எழக்கூடும். அது வேர்ச்செடியாகிவிட்டால் தோட்டத்தில் மரங்கள் ஒரே சீராக வளரா; பிழை தெரியவருவதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். ஆகவே பாத்தியில் மிகச் சிறியனவும், இலையமைப்பில் மாறுபட்டனவும், அளவுக்கு மீறி ஓங்கியனவுமான நாற்றுகளைக் களைந்து, ஒரே சீரானவற்றில் மட்டும் மொட்டுக் கட்டுமாறு பணியாளர்கள் குடியானவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். புதிய இரகங்களை உண்டாக்குவோருக்கோ பல்கருநிலை ஓர் இடையூறு. தாயின் படிகளுக்கிடையே கலப்பு நாற்றைத் தேட வேண்டியிருப்பதால், அவர்கள் ஒற்றைக்கரு மரத்தையே தாயாகக் கொள்ள விரும்புவர். மேற்கூறிய செருகல் இருக்கிறதா என்று இளநாற்றின் இலையைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் சோதிக்க இயலும். மரம் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

செய்து பார்க்க

1. சாத்துக்குடி விதைகளையும் பம்பளிமாசு விதைகளையும் ஓரிரவு நீரில் ஊறவைத்துத் தோலை நீக்குக. ஒவ்வொன்றிலும் உள்ள கருக்களை எண்ணி அட்டவணை எழுதுக.

2. கிளிமூக்கு, வெள்ளைக்கொழும்பான் ஆகியவற்றின் கொட்டைகளைத் தனித்தனித் தொட்டிகளில் ஊன்றி, எழும் முளைகளை ஒப்பிடுக.

3. ஒரு ஜீன் கெடாமலே அதன் விளைவு மாறக்கூடும் என்பதை இவ்விரு சோதனைகளைக் கொண்டு விளக்குக.