பழைய சர்வரைப் புதுப்பிக்கும் முன்

மாணவர்களே, இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியே சர்வர். அதன் இயங்குதளத்திற்கும் ஆயுள் உண்டு. 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 18.04க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டன. அப்படியானால் உடனே புதுப்பித்துவிடலாமா? பொறுங்கள்.

உபுண்டு 20.04க்கு மாறும்போது, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7 நீங்கி 8.0 வரும். முன்னதன் இயல்பான எழுத்துக் குறியீடு லத்தீன்1. பின்னதற்கு யூடிஎஃப்-8 வகை.

லத்தீன்1இல் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘மலாக்கா’வை எண்ணுங்கள்: ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால். ஏழு குறிகள், 21 பைட்டுகள். பழைய தளங்கள் சிலவற்றில் இவை லத்தீன்1 என்ற பெயரிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். புதிய மென்பொருள் அவற்றை 21 தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எடுத்துக்கொண்டால், திரையில் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தெரியும்.

எனவே:

1. சர்வரிலுள்ள மென்பொருள்களையும் பதிப்பு எண்களையும் பட்டியலிடுங்கள்.

2. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வேறொரு கணினியில் நகலெடுங்கள். அங்கே தளம் இயங்குகிறதா என்று பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பாதீர்கள்.

3. முதலில் நகலில் ஒத்திகை செய்யுங்கள். 18.04இலிருந்து 20.04, பிறகு 22.04 எனப் படிப்படியாக ஏறுங்கள்.

4. தமிழ்ப் பக்கங்களைப் படித்துச் சரிபார்த்த பிறகே உண்மையான சர்வரைத் தொடுங்கள்.

தோட்டம் மறைந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பின், அங்கிருந்த பள்ளியின் படமும் மாணவர் கட்டுரையும் ஓர் இணையத்தளத்தில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அவசரத்தில் அதை இழக்கலாமா?

செய்து பாருங்கள்: யூடிஎஃப்-8இல் ‘ஜாசின்’ எத்தனை பைட்? (விடை: 18)