தேவைக்கேற்ற காற்று

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் சாலைகளில் மண்சரிவு பெரும் இடர். சரிவுகளை வலுப்படுத்தப் பாறையைத் துளையிடும் கருவிகளுக்கு, டீசல் இயந்திரத்தால் இயங்கும் காற்றழுத்தி காற்றளிக்கிறது.

தொழிலாளி துளைக்கம்பியை மாற்றும்போது காற்றுத் தேவைப்படுவதில்லை. அப்போது கலனில் அழுத்தம் உயரும். உடனே கட்டுப்பாட்டு அமைப்பு, காற்று உட்புகும் வழியை அடைத்து, இயந்திரத்தின் வேகத்தையும் குறைக்கும். மீண்டும் துளையிடும்போது அழுத்தம் தாழும், வழி திறக்கும், வேகம் கூடும். இதனால் டீசல் வீணாவதில்லை.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலால், அங்குக் கலன் நிரம்பக் கூடுதல் நேரமாகும்.

கட்டுப்பாட்டு அமைப்பு பழுதானால், பாதுகாப்பு வால்வு திறந்து மிகுதிக் காற்றை வெளியேற்றும். அவ்வொலியைத் தொல்லையெனக் கருதி வால்வை அடைத்தால் கலன் வெடிக்கக்கூடும்.